அலையாத்திக் காடு ஊரைக் காத்ததா: முனைவர் பட்ட ஆய்வில் இதை அளக்க முடியுமா?

கழிமுகத்தாள்

அனைவருக்கும் வணக்கம். கடல்சார் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து, முதலாண்டுப் பாடத்தேர்வுகளை முடித்திருக்கிறேன். ஆய்வுக்குழுவின் முன் முன்வரைவை வைக்க வேண்டிய நேரம் நெருங்குகிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடுகள் கரையோர ஊர்களுக்கு அளிக்கும் பாதுகாப்பை மதிப்பிடுவது என்று நெறியாளர் தலைப்பைத் தந்திருக்கிறார். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர்கள் சிலவற்றையும் காடில்லாத கரையில் இருக்கும் ஊர்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலிலும் ஏற்பட்ட இழப்புகளை ஒப்பிடலாம் என்பது என் தொடக்கத் திட்டம். தாவரவியல் கணக்கெடுப்பும் உடன் செய்வேன். இத்திட்டம் ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்குமா, இதில் நான் கவனிக்கத் தவறியது எது என்று களத்தை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

புள்ளிக்கணக்கு

தங்கைக்கு வணக்கம். நீங்கள் தொடத் துணிந்திருக்கும் கேள்வி உங்கள் கரையிலேயே பிறந்து, உலக இதழ்களில் அடிபட்ட கேள்வி. முன்வரைவை எழுதும் முன் அந்த வழக்கின் இரு தரப்பையும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

2005இல் கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டை வட்டாரத்துக் கரையோரக் குப்பங்கள் 18இன் விவரங்களைத் தொகுத்து, கரையோரத் தாவரப் பரப்பு கூடக்கூட, ஊர் கடலிலிருந்து தள்ளியும் உயரத்திலும் இருக்க இருக்க, உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைந்தன என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே கெர், பேர்ட், கேம்ப்பெல் ஆகிய மூவர் அதே 18 ஊர்களின் எண்களை மறுபகுப்பாய்வு செய்து, தரைமட்டமும் கடலிலிருந்து உள்ள தொலைவும் சமமாக இருக்கும் ஊர்களை ஒப்பிட்டால் தாவரப் பரப்பின் வேறுபாடு உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று அதே இதழில் மறுப்பு வெளியிட்டார்கள். காடு செழித்த இடங்களின் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தொலைவிலும் மேட்டிலும் இருந்தவை. ஆகவே தொலைவும் மேடும் செய்த வேலையைக் காட்டின் கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள் என்பது அவர்கள் வாதம். அதன்பின் வேறு இருவர் இன்னொரு மறுபகுப்பாய்வுடன் வந்தார்கள்.

இதில் யார் சரி என்பதைவிட, 18 ஊர்களை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மூன்று மாறிகளைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதையே நீங்கள் முக்கியமாகக் கொள்ள வேண்டும். உங்கள் திட்டத்தில் ஊர்களின் எண்ணிக்கை அதைவிடவும் குறைவாக இருக்கப் போகிறது. ஒரே காட்டுக்குள் முப்பது சதுரங்கள் போட்டு அளந்தாலும், காடு என்ற அளவில் உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரே இடத்தில் எடுத்த பல அளவீடுகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணிவிடும் பிழைக்குப் போலி மறுபதிவு என்று பெயர்; 1984இல் ஹர்ல்பெர்ட் அதைப் பற்றி எழுதிய கட்டுரையை இதற்காகவே இன்றும் மாணவர்கள் கையில் கொடுக்கிறோம்.

கிள்ளைக்காரன்

நான் ஆய்வாளன் அல்லன். கிள்ளைப் பக்கத்து மீனவர் குடும்பத்தில் பிறந்து, இப்போது பள்ளியில் ஆசிரியனாக இருக்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் ஊர்களுக்குப் படிவங்களோடு வந்தவர்கள் பலர். "உங்கள் ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள், காடு எவ்வளவு தொலைவில் இருக்கிறது" என்ற இரு கேள்விகளோடு அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கரை நிறைய ஆள் இருந்தது. கரைக்கு வந்த மீனை எடுக்கப் பெண்கள் நின்றார்கள், பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். கடலில் தள்ளிப் போயிருந்தவர்களுக்குப் பல இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ஓர் ஊரில் இறந்தவர் எண்ணிக்கை, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை மட்டும் சொல்லாது. அந்த நேரத்தில் யார் எங்கே நின்றார், யாருக்கு நீந்தத் தெரியும், யார் பிள்ளையைத் தேடித் திரும்பி ஓடினார் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்லும்.

இன்னொன்று. எம்.ஜி.ஆர். திட்டு மிகவும் அடிபட்ட ஊர். அது கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே மணல்திட்டின் மேல் இருந்தது. காடு அந்த ஊருக்கு மேற்கே, அதாவது முதுகுப் பக்கம் இருந்தது. இந்த ஊரைக் "காட்டுக்கு அருகில்" என்ற பட்டியலில் போடுவீர்களா, "காடில்லாத ஊர்" என்ற பட்டியலில் போடுவீர்களா? வரைபடத்தில் தொலைவை மட்டும் அளந்தால் இது தெரியாது.

அலைமானி

கடற்கரைப் பொறியியல் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். ஆழிப்பேரலையையும் புயலையும் ஒரே ஆய்வில் சேர்ப்பது இயற்பியல்படி பொருந்தாது. காற்றால் எழும் அலையின் காலம், அதாவது ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம், சில விநாடிகள். நீர்த்துகள்கள் வேருக்கும் தண்டுக்கும் இடையில் முன்னும் பின்னும் போய்வருவதால் ஒவ்வொரு முறையும் ஆற்றல் இழப்பு நேர்கிறது. வெளிவந்த அளவீடுகளைத் தொகுத்தவர்கள், 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புயலெழுச்சி அப்படிப்பட்டதன்று, மணிக்கணக்கில் கடல் மட்டமே உயர்ந்து நிற்பது. அதைக் குறைக்கக் கிலோமீட்டர் கணக்கில் காடு வேண்டும்; ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரை என்பது அதே ஆசிரியர்கள் தொகுத்த வீச்சு. ஆழிப்பேரலையின் காலமோ பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீளக்கூடியது. நீர் ஆற்றைப் போல ஓடி உள்ளே வரும். இந்த மூன்றுக்கும் "பாதுகாப்பு" என்று ஒரே பெயர் சூட்டினால் ஆய்வேட்டின் முதல் இயலிலேயே குழப்பம் வந்துவிடும்.

அலைத் தணிப்பை மட்டும் அளக்கலாமே, அழுத்த உணரிகளை வரிசையாக நட்டுவிடலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். நானே அப்படிச் சொல்ல வந்தவன்தான். ஆனால் இடம் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அக்காடு மணல்திட்டுக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கிறது. திறந்த கடலின் அலை அதன் மேல் நேரடியாக மோதுவதில்லை. ஓதத்தின் ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டருக்குக் குறைவு. உணரியை அங்கே நட்டால் சுற்றுலாப் படகு எழுப்பும் அலையைத்தான் பெரும்பாலும் பதிவு செய்யும்.

வெண்கண்டல்

புள்ளிக்கணக்கு ஐயா சொன்னதில் ஒரு பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை. தொலைவைச் சமப்படுத்திவிட்டு மிச்சத்தைத்தான் காட்டின் பங்கு என்று கொள்ள வேண்டும் என்பது நியாயமாகத் தோன்றினாலும், காட்டின் அகலமே அந்தத் தொலைவின் ஒரு பகுதி அல்லவா? ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குக் காடு நின்றால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் எவரும் வீடு கட்ட முடியாது. ஊர் தொலைவில் இருப்பதற்குக் காடே காரணமாக இருக்கும்போது, தொலைவை மாறியாகச் சேர்த்துக் காட்டின் விளைவைக் கழித்துவிடுவது, காடு செய்த வேலையைக் காட்டிடமிருந்து பிடுங்குவதாகும். தரைமட்டத்துக்கும் இது ஓரளவு பொருந்தும். வண்டலைப் பிடித்து வைத்து நிலத்தை உயர்த்துவதில் வேர்களுக்குப் பங்கு உண்டு.

புள்ளிக்கணக்கு

நல்ல மறுப்பு, பாதியை ஏற்கிறேன். தொலைவுக்குக் காடு காரணமா, காட்டுக்கு நிலவமைப்பு காரணமா என்பதை 18 ஊர்களின் ஒருநாள் படம் ஒருபோதும் சொல்லாது என்பதே நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது. ஆற்று முகத்துவாரமும் ஒதுக்கமான சேறும் இருக்கும் இடத்தில்தான் அலையாத்தி வளரும். அத்தகைய இடத்தில் காடே இல்லாவிட்டாலும் அலையின் வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இதற்கு வழி கண்டவர்கள் உண்டு. 1999 ஒடிசா பெரும்புயலைப் பற்றிச் சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வு கேந்திரபாடா மாவட்டத்தில் 409 ஊர்களை எடுத்துக்கொண்டது. அப்போதிருந்த காட்டின் அகலத்தோடு 1944ஆம் ஆண்டுக் காட்டின் அகலத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் காடு நின்று பின்னர் அழிக்கப்பட்ட இடத்தில் நிலவமைப்பு காட்டுக்கு உரியதே. காடு மட்டும் இல்லை. அவர்களின் முடிவு காட்டுக்குச் சாதகமாக வந்தது: அகலமான காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் இறப்பு குறைவு. அதற்கும் எதிர்வினை எழுதப்பட்டது என்றாலும், கேள்வியை அமைத்த விதத்துக்காக நான் அதை மதிக்கிறேன். ஆனால் தங்கை, 409 ஊர் உங்கள் கடலூர்க் கரையில் கிடைக்காது.

வாவிக்கரை

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலும் இதே விவாதம் நடந்தது. 2005இல் இலங்கைக் கரையோரக் கண்டற்காடுகளை (நீங்கள் அலையாத்திக் காடு என்பதை) ஆராய்ந்தவர்கள், காட்டின் பரப்பை மாத்திரம் பார்த்தால் போதாது என்று காட்டினார்கள். தாங்கு வேருள்ள இனங்கள் கடலோரத்தில் நின்ற இடங்களில் உட்பக்கம் சேதம் குறைவாக இருந்தது. வெளித்தோற்றத்துக்குப் பச்சையாக இருந்தாலும் உண்மைக் கண்டல் இனங்கள் குறைந்து, துணைத் தாவரங்கள் பெருகிவிட்ட இடங்களில் அந்தப் பயன் கிட்டவில்லை. செய்மதிப் படத்தில் இரண்டும் ஒரே பச்சை.

சுனாமிக்குப் பிறகு கண்டல் நடுகை எங்கள் நாட்டில் ஒரு பெரிய இயக்கமாகவே நடந்தது. 2017இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில் 23 நடுகை இடங்களை ஆராய்ந்தபோது ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. மண்ணின் மட்டமும் உவர்ப்பும் வெள்ளம் தங்கும் நேரமும் பாராமல் நட்டதே முதற் காரணம். "காடு காக்கும்" என்ற முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு நடுகைக்கு இறங்கினால் இப்படித்தான் முடியும். என் கலாநிதிப் பட்ட மேற்பார்வையாளர் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்றுதான்: காடு அங்கே ஏன் நிற்கிறது என்று சொல்லத் தெரியாதவர், அது என்ன செய்கிறது என்று எப்படிச் சொல்வார்? தங்கை இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் ஐந்து ஆண்டுக்குள் முடிக்கக்கூடிய ஒரு வேலை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

கழிமுகத்தாள்

அனைவருக்கும் நன்றி. ஊர் ஒப்பீட்டைக் கைவிடுகிறேன். இழப்புக் கணக்கு முன்னுரையில் விவாதமாக மட்டும் வரும். வாவிக்கரை ஐயாவின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒன்றை யோசித்திருக்கிறேன்.

பிச்சாவரத்தில் பழைய முறையில் பட்டை பட்டையாக மரங்களை முற்றாக வெட்டியதால் வெறுமையான இடங்களில் மண்ணின் ஈரம் வற்றி, நிலம் அமிழ்ந்து தொட்டி போலாகி, உள்ளே வந்த ஓதநீர் திரும்ப வழியின்றித் தேங்கி வற்றி, உவர்ப்பு ஏறி, அங்கே கன்றே முளைக்காமல் போனது என்று எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் விளக்கியிருக்கிறார்கள். 1990களில் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து அவ்விடங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, வாய்க்கால் சரிவில் வெண்கண்டலும் சுரபுன்னையும் நட்டார்கள். நட்ட ஆண்டு தெரிந்த பகுதிகள் இருப்பதால், காட்டின் வயது ஏற ஏற மண்ணின் மட்டம் உயர்கிறதா, வாய்க்காலிலிருந்து விலக விலக அது எப்படி மாறுகிறது என்று அளக்கலாம் அல்லவா? கடல் மட்டம் உயரும்போது காடு தன் மட்டத்தைக் காத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்கு இது நேரடியாகப் பயன்படும்.

வெண்கண்டல்

இது ஆய்வுக் கேள்வி. அளவீட்டு முறையைப் பற்றிச் சில சொற்கள் சொல்கிறேன். ஆய்வுக்குழு இவற்றைக் கட்டாயம் கேட்கும்.

துல்லிய ஜிபிஎஸ் கருவி வெட்டவெளியில் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் உயரம் தரும். இலைக்கூரைக்குள் போனதும் செயற்கைக்கோள் சைகை சிதறிப் பயனற்றுப் போகும். வாய்க்கால் கரையின் வெளியில் ஒரு நிலைப்புள்ளியை அதனால் நிறுவிக்கொண்டு, உள்ளே ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியும் அளவுகோலும் கொண்டு மட்டம் எடுங்கள். அளவுகோலை அப்படியே சேற்றில் ஊன்றினால் அது படிப்பவர் கண்ணெதிரிலேயே இறங்கிக்கொண்டிருக்கும். அடியில் கையகலத் தகடு ஒன்று பொருத்தினால் நிற்கும். மூச்சு வேர்களுக்கு நடுவே தகடு படியும் இடத்தைத் தேர்வதற்கும் ஒரு விதி வேண்டும். இல்லையென்றால் கை தானாகவே மேடான இடத்தைத் தேடிப் போகும்.

வண்டல் படிவை அறிய வெண்ணிறப் ஃபெல்ட்ஸ்பார் பொடியைச் சேற்றின் மேல் ஒரு விரற்கடை தடிமனில் பரப்பி வைத்துவிட்டு, பின்னர் சிறு குழாய்த் துண்டாக வெட்டியெடுத்து, வெள்ளைக் கோட்டுக்கு மேல் எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். உங்கள் காட்டில் நண்டுகள் அந்தக் கோட்டை விட்டுவைக்காது. வளை தோண்டி, கீழ்ச்சேற்றை மேலே உருட்டிப் போட்டு, வெள்ளையைக் கலைத்துவிடும். ஒரு சதுரத்துக்கு ஒரு பொடிப்படுகை என்று வைக்காமல் மூன்று வையுங்கள்; ஒன்றாவது தப்பும்.

ஆனால் படிவு வேறு, மட்ட உயர்வு வேறு. மேலே வண்டல் சேரும்போதே கீழே மண் அமுங்கக்கூடும், வேர்கள் வளர்ந்து மண்ணை மேலே தள்ளவும் கூடும். இரண்டையும் பிரித்தறிய உலோகக் கம்பியை இறங்கும் வரை அடித்து இறக்கி, அதன் தலையில் கைப்பிடி ஒன்றைப் பொருத்தி, ஒன்பது ஊசிகளால் நிலமட்டத்தை மில்லிமீட்டர் அளவில் படிக்கும் ஆர்செட் முறை இருக்கிறது. கம்பியை இறக்கிய உடனே தரவு எடுக்கக் கூடாது; கலைந்த மண் அடங்க அவகாசம் வேண்டும். ஆகவே அனுமதி கிடைத்ததும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். காப்புக்காடு என்பதால் கம்பி இறக்கவும் மண் எடுக்கவும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். 2022இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபின் பிச்சாவரத்தில் எல்லாரும் கூடுதலாகக் கவனிக்கப்படுகிறார்கள். விண்ணப்பத்தில் கம்பிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் ஆய்வு முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். தில்லை மரம் உள்ள பகுதியில் கிளை ஒடிக்க நேர்ந்தால் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

புள்ளிக்கணக்கு

கேள்வி வெகுவாக முன்னேறியிருக்கிறது, ஆனால் பழைய சிக்கல் வேறு உடையில் வந்திருப்பதைக் கவனியுங்கள். மீட்டெடுக்கப்பட்ட பகுதிகள் தற்செயலாகத் தேர்ந்தவை அல்ல; அமிழ்ந்துபோனவை என்பதற்காகவே தேர்ந்தவை. பள்ளமான இடத்தில் வண்டல் கூடுதலாகப் படிவது இயல்பு, மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இயற்கைக் காட்டோடு ஒப்பிட்டு "நட்ட காட்டில் மட்டம் விரைவாக உயர்கிறது" என்று எழுதினால், பள்ளம் நிரம்பியதைக் காட்டின் சாதனை என்று சொன்னதாக ஆகிவிடும். வாய்க்கால் வெட்டியதும் மரம் நட்டதும் ஒரே காலத்தில் நடந்திருப்பதால் அவை இரண்டும்கூடப் பிரியாது.

வயது வரிசையை முதன்மை ஒப்பீடாக வைக்காமல், ஒரே பகுதிக்குள் ஒரே தொடக்க மட்டத்தில் மரம் அடர்ந்த இடத்தையும் கன்று பட்டுப்போன இடைவெளியையும் இணை இணையாக எடுங்கள். வாய்க்காலிலிருந்து இரண்டும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும். அத்தகைய இணைகள் பல பகுதிகளில் கிடைத்தால், பகுதிதான் உங்கள் மறுபதிவு அலகு. கன்று ஏன் அங்கே பட்டுப்போனது என்ற கேள்வியும் எஞ்சும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் மண்நீரின் உவர்ப்பை அளப்பதும் கட்டாயம்.

கழிமுகத்தாள்

இணை முறை விளங்குகிறது, ஐயா. பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் அந்த இடைவெளிகள் எந்த ஆண்டிலிருந்து வெறுமையாக இருக்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டு, இணைகளைக் களத்தில் சரிபார்க்கிறேன். இரண்டு முழு ஆண்டு அளவீடு போதும் என்று நெறியாளர் கருதுகிறார்.

கிள்ளைக்காரன்

இரண்டு ஆண்டு என்றதால் சொல்கிறேன், அம்மா. எங்கள் கழிக்குள் சேறு எல்லா ஆண்டும் ஒரே மாதிரி வருவதில்லை. மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் உபரிநீர் திறந்துவிடும் ஆண்டில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். முகத்துவாரத்தை ஒட்டிய வாய்க்கால்களில் அந்த ஆண்டே கோல் ஊன்றும் ஆழம் மாறும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்தது. திருச்சியில் பழைய கொள்ளிடப் பாலம் உடைந்ததும் அந்த வெள்ளத்தில்தான். அப்படி வராத ஆண்டில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் மட்டும்தான். வடக்கே வெள்ளாற்றுப் பக்கத்துப் பகுதியில் நிலைமை வேறு. உங்கள் இரண்டு ஆண்டும் வறண்ட ஆண்டாகப் போய்விட்டால் காடு சேற்றைப் பிடிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பிடிக்க அங்கே சேறு வந்திருக்காது.

புள்ளிக்கணக்கு

ஆசிரியர் சொன்னது முன்வரைவில் அப்படியே இடம்பெற வேண்டும். நீரில் மிதக்கும் வண்டலின் அளவை ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்து, அதைத் தனி மாறியாக வையுங்கள். வடக்கு, தெற்கு என்று இரு தொகுதிகளிலும் இணைகள் இருக்கட்டும்.

கழிமுகத்தாள்

அப்படியே செய்கிறேன். தெற்குத் தொகுதியில் கொள்ளிட முகத்துவாரத்தை ஒட்டியும், வடக்கில் வெள்ளாற்றுப் பக்கத்திலும் இணைகளைத் தேடுவேன். மழைக்கு முன், செப்டம்பருக்குள், பொடிப்படுகைகளைப் பரப்பிவிட வேண்டும் என்பதால் வன அனுமதி விண்ணப்பத்தை இந்த வாரமே நெறியாளரிடம் கையெழுத்துக்கு வைக்கிறேன். கிள்ளைக்காரன் ஐயா, வெள்ளத்தின்போது கோல் ஊன்றும் ஆழம் எந்தெந்த வாய்க்காலில் மாறும் என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்ள உங்கள் ஊர்ப் பெரியவர்களை வந்து பார்க்கலாமா?

கிள்ளைக்காரன்

தாராளமாக வாருங்கள். அமாவாசையை ஒட்டி வராதீர்கள், நீர் ஏறி நிற்கும், வாய்க்கால் கரையில் நடக்க முடியாது. அட்டமி, நவமி நாளில் வந்தால் கழியைக் காலாலேயே சுற்றிக் காட்டச் சொல்கிறேன்.